அமாவின் கணக்கும் நயினாதீவின் கணக்கும்



யாழ்ப்பாணக் கடலில் உள்ள நயினாதீவின் மிகப் பழைய பொருளாதார ஆவணம் கல்லில் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு தமிழில் வெட்டுவித்த கட்டளை அது. நாகபூஷணி அம்மன் கோயிலில் கிடைத்த அந்தக் கல்வெட்டு, பரதேசி வணிகர் ஊர்காவற்றுறையில் வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குக் காவல் உண்டு என்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மிச்சம் மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கேற்றிய கப்பல் என்றால் பாதிக்குப் பாதி. கணக்கு மிகத் துல்லியம். ஆனால் வாசிக்கக் கிடைத்திருக்கும் வரிகளில் அரசனுக்கும் வணிகனுக்கும்தான் பங்கு உண்டு. கப்பல் உடைந்த கரையில் குடியிருந்தவர்களுக்கு என்ன என்பது அதில் இல்லை.

தீவுக்கு வருவது எவ்வளவு, தீவில் தங்குவது எவ்வளவு? இந்தச் சொற்பொழிவு இந்த ஒரு கேள்வியைத்தான் சுற்றி வருகிறது. அதற்கு விடை தேடிப் போக வேண்டிய இடம் யப்பான் கடலில் உள்ள ஒரு சிறு தீவு.

அங்கே போகுமுன் சகோதர நகரங்களைப் பற்றி ஒரு சொல். யப்பானியருக்கு அந்த ஏற்பாட்டில் பிரியம் அதிகம். 1955இல் நாகசாகி அமெரிக்காவின் செயின்ட் போல் நகரத்தோடு கைகோத்தது. அணுகுண்டு விழுந்து பத்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. 1965இல் யோக்கோகாமாவும் மும்பையும் சகோதரிகள் ஆயின. அந்த உறவுக்குப் பழைய வேர் ஒன்று உண்டு. 1923ஆம் ஆண்டுப் பெரும் நிலநடுக்கத்தில் யோக்கோகாமா தரைமட்டமானபோது அங்கே பட்டு வியாபாரம் செய்துகொண்டிருந்த இந்தியர்களும் வீடிழந்தார்கள். நகர மக்கள் செய்த உதவியை மறக்காமல், அவர்கள் பின்னாளில் யமாசித்தா பூங்காவில் குவிமாடம் வைத்த ஒரு குடிநீர் மண்டபம் கட்டிக் கொடுத்தார்கள். இன்றும் அது அங்கே நிற்கிறது. யாழ்ப்பாணத்துக்கும் சகோதரி உண்டு: 2016இல் இலண்டனின் கிங்ஸ்டன் நகரத்தோடு உடன்படிக்கை கைச்சாத்தானது. கிங்ஸ்டனைச் சுற்றித் தமிழர் நிறையப் பேர் வாழ்வதால் அது ஏறக்குறைய வீட்டுக்குள்ளேயே நடந்த சம்பந்தம்.

இத்தகைய உடன்படிக்கைகள் பலவும் மாலை, பொன்னாடை, குழுப்படம் என்ற அளவில் நின்றுவிடுகின்றன. குறை சொல்லத்தான் வேண்டும். ஒரு நகரம் இன்னொரு நகரத்தின் வரவு செலவுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும்போதுதான் உறவுக்குப் பொருள் வருகிறது. நயினாதீவுக்கு யப்பானில் சகோதரி யாரும் இல்லை. இருந்தாலும் யாருடைய புத்தகத்தைப் புரட்டுவது என்று கேட்டால், அமா என்ற பெயரைச் சொல்லலாம்.

யப்பான் நயினாதீவுக்குப் புதிதல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தீவுப் பகுதியில் வள்ளத்துக்குப் பின்னால் தொங்கும் இயந்திரங்களில் யமகா என்றும் சுசூக்கி என்றும் எழுதியிருக்கும். யமகா இயந்திர நிறுவனத்தின் தலைமையகம் இவாட்டா நகரில். பக்கத்து நகரமான அமமட்சுவில் சுசூக்கி. இரண்டும் சிசுவோக்கா மாகாணம். ஆக, கடலுக்குப் போகிற ஒவ்வொரு விடிகாலையிலும் தீவார் சிசுவோக்காவுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அமா இருப்பது அங்கே அல்ல. சிமானே மாகாணத்தின் பெருநிலக் கரையிலிருந்து அறுபது கிலோமீற்றர் அளவில், ஒக்கி தீவுக்கூட்டத்தில், நக்கனோசிமா என்ற தீவு முழுவதுமே அமா என்ற ஒரே சிறு நகராட்சி. பரப்பு 33 சதுர கிலோமீற்றருக்குச் சற்று மேல்; நயினாதீவைப் போல ஏழெட்டு மடங்கு. ஆனால் மக்கள் ஏறத்தாழ 2,300 பேர்தான். பெருநிலத்திலிருந்து கப்பலில் மூன்று மணி நேரம். குளிர்காலத்தில் கடல் கொந்தளித்தால் கப்பல் வராது. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து கால்மணி நேரத்தில் வந்து சேரும் நயினாதீவார் அந்த இடத்தில் கொஞ்சம் பெருமைப்படலாம்.

நயினாதீவுக்கு மணிமேகலையின் கதை இருக்கிறது. அவள் போன மணிபல்லவம் இதுதான் என்று கருதும் அறிஞர் உண்டு, மறுப்பவரும் உண்டு. அமாவுக்கு வாய்த்தது ஒரு பேரரசன். 1221இல் கமக்கூரா அரசோடு மோதித் தோற்ற கோ-தோபா, இந்தத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். கவிஞர், யப்பானின் பெரும் பாடல் தொகுப்புகளில் ஒன்று அவர் கட்டளையால் உருவானது. 1239இல் தீவிலேயே இறந்தார். தள்ளி வைக்கப்பட்டவருக்கான இடம் என்ற அந்தப் பேர் அமாவை எழுநூறு ஆண்டுகள் விடவில்லை. ஆனாலும் ஊரார் கொண்டாட்டத்தை விடவில்லை. கோடையில் அங்கே ஒரு விழா நடக்கிறது. சோறு அள்ளும் அகப்பையை இரண்டு கையிலும் பிடித்துத் தட்டிக்கொண்டு தெரு நிறைய ஆடுவார்கள்.

1950 அளவில் அமாவில் 7,000 பேர் இருந்தார்கள். பிறகு யப்பானின் தொழிற்சாலைகள் இளைஞர்களை இழுத்துக்கொண்டன. அரசு சும்மா இருந்துவிடவில்லை. 1953இல் தொலைதீவு அபிவிருத்திச் சட்டம் வந்தது. இறங்குதுறை, வீதி, அலைதடுப்பு என்று பணம் கொட்டியது. தீவில் கட்டட வேலைதான் பெரிய தொழிலாயிற்று. வேலை இருக்கட்டும் என்று வீதி, வீதி போட வேண்டும் என்று கடன். 2000ஆம் ஆண்டை ஒட்டி நகராட்சியின் கடன் 1,000 கோடி யென்னைத் தாண்டிவிட்டது. நல்ல வீதி இருந்தது. அதில் நடக்க ஆள் குறைந்துகொண்டே போனது. போருக்குப் பிந்திய வடக்கின் காப்பெற் வீதிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் யப்பானிய அரசு சிறு நகராட்சிகளை ஒன்றோடொன்று இணைக்கத் தொடங்கியது. நாட்டில் 3,200க்கு மேல் இருந்த நகராட்சிகள் பத்தாண்டில் 1,700 அளவுக்கு வந்தன. அமாவும் பக்கத்து இரண்டு தீவுகளும் சேர்வதென்று பேச்சு நடந்து, 2003இல் அந்தப் பேச்சு முறிந்தது. மூன்று தீவுக்கு நடுவே கடல் இருக்கும்போது அலுவலகத்தை ஒன்றாக்கி என்ன மிச்சம் என்ற கேள்விக்கு யாரிடமும் விடை இல்லை. தனித்து நிற்பதென்று அமா முடிவு செய்தது.

2002இல் தலைவராகத் தெரிவாகியிருந்தவர் யமவுச்சி மிச்சியோ. தொலைபேசி நிறுவனமான என்.ரி.ரி.யில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அவர் முதலில் கைவைத்தது தன் சம்பளத்தில். 2005இல் தலைவரின் சம்பளம் பாதியாகக் குறைந்தது. உத்தியோகத்தர் சம்பளம் தரத்துக்கு ஏற்ப 30 வீதம் வரை குறைந்தது. நாட்டிலேயே குறைந்த சம்பளம் வாங்கும் நகராட்சி என்று பத்திரிகைகள் எழுதின. மிச்சப்பட்ட பணத்தில் ஒரு பகுதி குழந்தை பெறும் குடும்பங்களுக்குப் போனது. இதைப் பார்த்த முதியோர் சங்கம், தமக்கிருந்த சலுகைகளைத் தாமாகவே விட்டுக்கொடுத்தது. எங்களுடைய சபைகளில் இப்படி ஒன்று நடந்தால் அதைச் சொற்பொழிவில் சொல்லத் தேவையிருக்காது; இரவோடிரவாக உலகத் தமிழருக்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும்.

அவர் செய்த இன்னொரு காரியம் சிறியது, ஆனால் கூர்மையானது. நகராட்சியின் சுற்றுலா, தொழில் பிரிவுகளைத் தலைமை அலுவலகத்திலிருந்து கிளப்பி இறங்குதுறைக் கட்டடத்துக்குக் கொண்டுபோனார். கப்பல் வரும் நேரம்தான் அலுவலக நேரம், ஞாயிறும் திறந்திருக்கும். தீவுக்கு வருகிறவர் முதல் காலடி வைக்கும் இடத்தில், எங்கே தங்கலாம், எதை வாங்கலாம் என்று சொல்ல நகராட்சியின் ஆள் நிற்பார்.

அமா எதை விற்றது என்ற கதை ஒரு கறியில் தொடங்குகிறது. யப்பானியருக்குக் கறிச்சோறு வீட்டுச் சாப்பாடு. இறைச்சி வாங்க வசதியில்லாத தீவில், கரையில் பொறுக்கிய சசாயே என்ற கடல் நத்தையைப் போட்டுக் கறி வைப்பது வழக்கம். அதை விருந்தாளிக்கு வைக்க ஊரார் கூச்சப்பட்டார்கள். 1998 முதல் அமா வெளியூர் இளைஞர்களைச் சம்பளம் கொடுத்து வரவழைத்து, தீவில் உள்ள பொருட்களை அயலார் கண்ணால் பார்க்கச் சொன்னது. அவர்கள் கண்ணில் பட்டவற்றில் ஒன்று இந்தக் கறி. அதைப் பையில் அடைத்து, சூடாக்கி உண்ணும் பண்டமாக விற்றார்கள், பெயர் எடுத்தது. தமிழரின் கறி பிரித்தானியர் கைவழியாக யப்பானுக்குப் போய், அங்கே கடல் நத்தையோடு சேர்ந்து ஒரு தீவுக்குச் சோறு போட்டிருக்கிறது.

அமாவின் பெரிய சிக்கல் கறியில் இல்லை, நேரத்தில் இருந்தது. மீனவர் பிடித்த கணவாய் கப்பலேறிப் பெருநிலத்துச் சக்காய்மினாத்தோ சந்தைக்குப் போய்ச் சேருமுன் ஏலம் முடிந்துவிடும். அடுத்த நாள் ஏலத்தில் அது பழைய மீன். தரம் முதல்தரம், விலை மூன்றாந்தரம், அதற்கு மேல் கப்பல் கூலி. 2005இல் நகராட்சி ஒரு நிறுவனம் தொடங்கி, ஏறத்தாழ 50 கோடி யென் செலவில் புதுவகை உறைநிலைக் கூடம் ஒன்றைக் கட்டியது. காந்தப்புலத்தின் உதவியால் கலம் சிதையாமல் உறையவைக்கும் முறை என்று அதைச் செய்தவர்கள் சொல்கிறார்கள். அந்த விஞ்ஞான விளக்கத்தை எல்லா ஆய்வாளரும் ஏற்றுக்கொண்டதில்லை. தோக்கியோவின் சமையற்காரர் ஏற்றுக்கொண்டார்கள். அமாவுக்கு அது போதுமாயிருந்தது. வெள்ளைக் கணவாயும் இளவேனிலில் எடுக்கும் பாறைச் சிப்பியும் ஏல மணியைப் பற்றிய கவலை இல்லாமல் நேரே உணவகங்களுக்குப் போயின. விற்கும் நாளைத் தெரிவு செய்யும் உரிமை மீனவனின் பக்கம் வந்தது. இந்தக் கதை முழுவதிலும் மிகப் பெரிய மாற்றம் இதுதான்.

மாட்டின் கதையும் அதே வகை. ஒக்கித் தீவுகளில் மாடு வளர்ப்பது பழைய தொழில். ஆனால் கன்றாக இருக்கும்போதே பெருநிலத்துக்கு விற்றுவிடுவார்கள். அங்கே கொழுக்க வைத்து, மட்சுசக்கா போன்ற பெரிய பெயர்களில் இறைச்சியாக விற்பார்கள். ஒக்கி என்ற பெயர் எங்கும் வராது. அரசின் கட்டட வேலை வற்றியபோது அமாவின் கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர், சட்ட விதிவிலக்குப் பெற்று 2004இல் மாட்டுப் பண்ணை தொடங்கினார். வீதி போட்டவர்கள் வைக்கோல் போட்டார்கள். உப்புக்காற்றில் வளர்ந்த புல்லை மேய்ந்த மாடுகள் 2006இல் தோக்கியோச் சந்தையில் ஒக்கி மாடு என்ற சொந்தப் பெயரில் ஏறி, உயர்தர விலை பெற்றன.

இங்கே நயினாதீவுக்குத் திரும்ப வேண்டும், ஏனென்றால் கன்றை விற்றுப் பெயரை இழந்த கதை இந்தக் கடலுக்கும் உண்டு. யாழ்ப்பாணக் கடலில் குளித்தெடுத்த சங்கு நூற்றாண்டுக் கணக்காக வங்காளத்துக்குப் போனது. ஒல்லாந்தர் அந்த வியாபாரத்தைத் தம் ஏகபோகமாக வைத்திருந்தார்கள். டாக்காவின் சங்காரி பஜாரில் அதை அறுத்து வளையல் செய்தார்கள். வங்காளத்து மணப்பெண்ணின் கையில் அது ஏறியது. மூச்சடக்கி எடுத்தவன் இங்கே, அறுத்துச் செதுக்கியவன் அங்கே, இலாபம் இரண்டுக்கும் இடையில். இன்று தீவகக் கடலில் வளரும் கடலட்டை சீனத்துச் சமையலறைக்குப் போகிறது. விலை அங்கே தீர்மானமாகிறது. நண்டு ஐஸ் பெட்டியில் யாழ்ப்பாணம் போய், இறைச்சி எடுக்கப்பட்டுக் கப்பலேறுகிறது. இந்திய இழுவைப் படகுகள் அள்ளிப் போகிற மீனை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அமாவைப் பார்த்து நயினாதீவும் ஓர் உறைநிலைக் கூடம் கட்டலாமே என்று சொல்வது எளிது. அதற்கு முதலில் மின்சாரம் வேண்டும். நயினாதீவு தேசிய மின்வலையில் இல்லை. டீசல் இயந்திரம்தான் விளக்கேற்றி வந்திருக்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரியனையும் காற்றையும் கலந்து மின்சாரம் தரும் திட்டம் ஒன்று நெடுங்காலம் பேச்சில் இருந்தது. 2021இல் அது சீன நிறுவனமொன்றுக்குக் கிடைத்தது. இந்தியா முகம் சுளித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் சீன நிறுவனம் நிறுத்திக்கொண்டது. 2022இல் இந்தியா தானே நன்கொடையாகச் செய்து தருவதாக உடன்பாடு ஆயிற்று. 2024 மார்ச்சில் 11 மில்லியன் டொலர் நன்கொடையில், மூன்று தீவுக்கும் சேர்த்து 2,230 கிலோவாற் திட்டத்துக்கு பெங்களூர் நிறுவனமொன்றோடு ஒப்பந்தம் கைச்சாத்தானது. மூன்று சிறு தீவின் விளக்குக்காக இரண்டு பெரிய நாடுகள் மோதிக்கொண்டதை உலகப் பத்திரிகைகள் எழுதின. அந்த மின்சாரத்தில் வீட்டு விளக்கு எரியும் என்பது பற்றி மட்டுமே பேச்சு இருந்தது. எத்தனை கிலோ கணவாயை உறைய வைக்கலாம் என்று கணக்குப் போட்டவர் குறைவு.

நயினாதீவுக்கு அமாவிடம் இல்லாத ஒரு செல்வம் உண்டு. ஆட்கள் தாமாகவே வருகிறார்கள். நாகபூஷணி அம்மனைக் கும்பிடத் தமிழரும், நாகதீப விகாரையைக் கும்பிடத் தெற்கிலிருந்து சிங்கள மக்களும் ஆண்டு முழுவதும் வருகிறார்கள். ஆனித் திருவிழாக் காலத்தில் குறிகட்டுவானில் நிற்க இடமிருக்காது. அமா விளம்பரத்துக்குப் பணம் செலவழித்துத்தான் ஆட்களை வரவழைக்க வேண்டும். இங்கே அம்பாளும் புத்தரும் அந்தச் செலவை மிச்சப்படுத்தி விட்டார்கள். ஆனால் வருகிறவர் காலையில் பஸ்ஸில் வந்து, படகேறி, கோயிலும் விகாரையும் பார்த்து, அன்னதானத்தில் சாப்பிட்டு, பின்னேரத்துக்குள் திரும்பிவிடுகிறார். அன்னதானம் குறையல்ல, மணிமேகலையின் அமுதசுரபி கிடைத்த தீவென்று நம்பும் ஊரில் சோறு விலைக்கு வராதுதான். ஆனால் அதற்குப் பிறகு அவர் வாங்கும் பொருட்கள் எங்கிருந்து வந்தவை? பனங்கட்டியும் புழுக்கொடியலும் நம்முடையவை. பிளாஸ்ரிக் விளையாட்டுச் சாமானும் அச்சடித்த சாமி படங்களும் கொழும்பிலிருந்து, அதற்கும் அப்பாலிருந்து வந்தவை. வந்த பணம் அடுத்த படகிலேயே திரும்பிப் போகிறது. அமாவின் இறங்குதுறையில் நிற்கும் நகராட்சி ஆளைப் போல ஒருவர் குறிகட்டுவானில் நின்றால் என்ன சொல்வார் என்று யோசிக்கலாம்.

பொருளாதாரம் என்ற தலைப்பில் பள்ளிக்கூடத்தைச் சேர்ப்பது சிலருக்கு விசித்திரமாகப் படலாம். அமாவில் அதுதான் அடித்தளம். அமாவுக்கும் பக்கத்து இரண்டு தீவுகளுக்கும் சேர்த்து டோசென் உயர்பள்ளி ஒன்றே ஒன்று. 2008இல் மாணவர் 89 பேர். மூடப்பட்டால் பதினைந்து வயதில் பிள்ளை பெருநிலத்துக்குப் போகும். பின்னால் தாய் போவாள். பிறகு வீடு பூட்டப்படும். இந்த வரிசையைத் தீவகத்தில் தெரியாதவர் இல்லை. உயர்தரம் படிக்க யாழ்ப்பாணத்தில் அறை எடுத்த குடும்பங்கள் எத்தனை திரும்பி வந்தன?

அமா எடுத்த வழி தலைகீழானது. பிள்ளைகளைத் தடுத்து வைப்பதை விட்டு, வெளியூர்ப் பிள்ளைகளைத் தீவுக்கு அழைத்தது. சோனி நிறுவன வேலையை விட்டு வந்த இளைஞர் ஒருவரும் ஊர் ஆசிரியர்களும் சேர்ந்து பாடத்திட்டத்தையே தீவைச் சுற்றி அமைத்தார்கள். கணவாய் விலை, மூடிய கடை, முதியவர் மருந்து எல்லாம் பாடமாயின. நகராட்சியே ரியூசன் நிலையம் ஒன்றை 2010இல் தொடங்கியது. தோக்கியோ, ஒசாக்கா பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படிக்க வந்தார்கள். 2016 அளவில் மாணவர் தொகை 180ஐ எட்டியது. கப்பலில் மூன்று மணி நேரம் போக வேண்டிய ஒரு தீவுக்குப் பெருநகரப் பெற்றோர் பணம் கட்டிப் பிள்ளையை அனுப்புவது யப்பானில் செய்தியாயிற்று.

அமாவை அற்புதம் என்று சொல்பவர்கள் சிலவற்றை விட்டுவிடுகிறார்கள். நூற்றுக்கணக்கானோர் குடிவந்த பிறகும் சனத்தொகை பெருகவில்லை. சரிவு மெதுவானது, அவ்வளவே. முதியோர் இறப்பதும் இளையோர் வருவதும் ஏறக்குறையச் சமமாக ஓடுகின்றன. வந்தவர் எல்லாரும் தங்குவதில்லை. நகராட்சியின் வரவில் பெரும்பகுதி இன்றும் தோக்கியோ அரசு பங்கிட்டுத் தரும் வரிப்பணம். தன்காலில் நிற்கும் தீவு என்ற புகழுக்குக் கீழே மத்திய அரசின் தோள் இருக்கிறது. அமாவில் ஊற்று நீர் உண்டு. நாட்டின் நூறு சிறந்த நீர்நிலைகளில் ஒன்று என்று அரசு 1985இல் பட்டியலிட்ட ஊற்று அது. நெல் விளைகிறது. கோடையில் கிணறு உவர்க்கும் நயினாதீவுக்கு அந்த வசதி இல்லை. சம்பளத்தை வெட்டும் உரிமையும் நிறுவனம் தொடங்கும் துணிவும் உள்ள நகராட்சி அங்கே. இங்கே நயினாதீவு தனிச் சபைகூட அல்ல, வேலணைப் பிரதேச சபையின் ஒரு பகுதி.

நயினாதீவின் பக்கத்திலும் ஒரு வலு உண்டு. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் ஊர்ச் சங்கங்கள் இருக்கின்றன. கோபுரத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பணம் வருகிறது. அமாவை விட்டுப் போனவர்கள் பெரும்பாலும் யப்பானுக்குள்ளேயே இருக்கிறார்கள். நயினாதீவை விட்டுப் போனவர்கள் வெவ்வேறு கண்டங்களில் கடை வைத்திருக்கிறார்கள். சொந்தப் பெயரில் ஒரு பண்டம் போனால் அதை விற்கும் அலமாரி ஏற்கெனவே அங்கே இருக்கிறது. அலமாரிக்கு அனுப்பப் பண்டம்தான் இல்லை.

ஆகவே அமாவுக்கு ஒரு கடிதம் போகட்டும். அது தவிசாளரின் இலச்சினையோடு போகத் தேவையில்லை. நயினாதீவு மகா வித்தியாலயத்து மாணவர் டோசென் உயர்பள்ளி மாணவருக்கு எழுதினால் போதும். கணவாய் விலையைப் பாடமாகப் படிக்கும் பிள்ளைகள் விடை எழுதுவார்கள். சுகம் விசாரித்த பிறகு கேட்க வேண்டியவை இவை. கணவாய்க்கு மீனவரிடம் கிலோவுக்கு என்ன கொடுக்கிறீர்கள், தோக்கியோவில் என்ன வாங்குகிறீர்கள், இடையில் உள்ளது யார் கையில் போகிறது? கடல் நத்தைக் கறிக்குப் பையும் பெட்டியும் எங்கே செய்கிறீர்கள்? கடல் குழம்பிக் கணவாய் வராத மாதங்களில், அந்த உறைநிலைக் கூடத்தின் மின்கட்டணத்தை யார் கட்டுகிறார்கள்?